வீங்காத கால்கள்

அத்தியாயம் ஒன்பது

டீச்சருக்கு நேற்று இதய ஸ்கேன் முடிந்தது. இன்றைக்கு ஊசி.

இரண்டும் ஒரே ஆஸ்பத்திரியில், வேறு வேறு மாடிகளில். ஸ்கேன் மாடியில் பூனைக்கு வேலை. ஊசி ஏற்றும் மாடிக்கு அவள் போவதில்லை. நாலு வருடம் முன்பு அவள் அம்மா உட்கார்ந்திருந்த மாடி அது.

அம்மாவுக்கும் மார்பகப் புற்றுநோய்தான். பாதி வழியில் இதயம் தளர்ந்துவிட்டது என்று ஊசியை நிறுத்தினார்கள். இதயம் தேறியது. அதற்குள் நோய் திரும்பி வந்துவிட்டது.

அம்மா போனதிலிருந்து பூனை பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். அன்றிலிருந்து அவளுக்குள் ஏதோ ஒன்று மரத்துக் கிடக்கிறது. பல் பிடுங்குவதற்காகப் போட்ட ஊசியின் மரப்பு, பல் போன பிறகும் விலகாமல் இருப்பது போல.

சத்தமில்லாமல் நடப்பாள், கேட்டால்தான் பேசுவாள். அதனால் பெரியம்மா வைத்த பெயர் பூனை. பெரியம்மாவுக்கு எல்லோரும் வைத்த பெயர் டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. கட்டிய கணவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

இப்போது டீச்சருக்கும் தங்கைக்கு வந்த அதே நோய். அதே ஊசி. அந்த ஊசி சிலருடைய இதயத்தைத் தளர்த்திவிடும் என்பது டாக்டர்களுக்குத் தெரியும். ஆனால் வயதானவர்களின் இதயம் அதை எவ்வளவு தாங்கும், எந்த இடத்தில் தளரும் என்பது அவ்வளவாகத் தெரியாது. பழைய ஆய்வுகளில் வயதானவர்களைச் சேர்த்ததே குறைவு. அதற்காகத்தான் பூனையின் பிரிவில் இந்த ஆய்வு நடக்கிறது. அதில் சேரக்கூடாது என்று பூனையும், சேருவேன் என்று டீச்சரும் போட்ட சண்டை இந்த வீட்டில் பல வாரம் ஓடியது. வழக்கம்போல டீச்சர் ஜெயித்தார்.

*

காலையில் பெரியப்பா வாசலில் செருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"செருப்பு சுருங்கிடுச்சு" என்றார்.

"செருப்பு எங்கயாவது சுருங்குமா?" என்றார் டீச்சர் உள்ளேயிருந்து.

"மழையில நனைஞ்சா தோல் சுருங்கும்."

"மழையே பெய்யலையே."

"அப்போ வெயில்ல சுருங்கியிருக்கும். வாத்தியாரம்மா வீட்டுல செருப்புக்குக்கூட விளக்கம் எழுதித் தரணும்போல."

வாரைக் கடைசித் துளைக்குத் தள்ளி மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். பெரியப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஊரில் இருக்கிற லிஃப்ட்டையெல்லாம் ஏற்றி இறக்கியவருக்கு அமைந்தது லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் மூன்றாவது மாடி. அதைப் பற்றி அவரிடம் பழைய ஜோக் ஒன்று உண்டு. இன்று அதைச் சொல்லவில்லை.

டீச்சர் பையைச் சரிபார்த்தார். பிளாஸ்க், சால்வை, கண்ணாடிக் கூடு. கடைசியாக ஒரு சின்னக் காகிதப் பொட்டலம்.

"அது என்ன பெரியம்மா?"

"பக்கத்து நாற்காலிக்காரிக்கு. ஊசி ஏறும்போது அவளுக்கு வாயெல்லாம் கசக்குதாம்."

மிட்டாயாக இருக்கும் என்று பூனை நினைத்துக்கொண்டாள்.

"மூச்சு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன? நேத்து நர்ஸ் கேட்டா. படி ஏறினா வாங்குதான்னு. வாங்கலைன்னேன். காலை அமுக்கிப் பார்த்தா. குழியே விழலை. ரொம்ப நல்லா இருக்கீங்கம்மான்னு எழுதிக்கிட்டா." டீச்சர் கண்ணாடியைத் துடைத்தார். "மூணாவது தடவையா முழு மார்க்."

நேற்று மாலை மாடி ஏறியபோது பூனை அவருக்குப் பின்னால் வந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் டீச்சருக்குப் பார்க்க ஏதாவது ஒன்று கிடைத்தது. முதல் திருப்பத்தில் யாரோ வைத்த செடித்தொட்டி. இரண்டாவதில் ஒரு கதவு.

"இதுக்கு யாரு பச்சை அடிச்சது?"

"ரெண்டு வருஷமா பச்சைதான் பெரியம்மா."

"அப்படியா" என்று டீச்சர் அந்தக் கதவையே பார்த்தபடி நின்றார். பூனையும் நின்றாள். அது அவளுக்கு விசித்திரமாகப் படவில்லை. எதுவும் அவளுக்கு அப்படிப் படுவதில்லை, கொஞ்ச காலமாக.

*

படம் அளக்கும் அறையில் எப்போதும் அரை இருட்டு.

இந்த ஆய்வில் ஸ்கேன் எடுப்பவர் ஒருவர், அளப்பவர் வேறொருவர். அளப்பவருக்குப் பெயர் தெரியாது. வயது தெரியாது. இது அந்த ஆளின் எத்தனையாவது ஸ்கேன் என்பதும் தெரியாது. தெரிந்தால் கண் தான் நினைத்ததையே பார்த்துவிடும். அதனால் திரையில் ஓர் எண்ணும் துடிக்கிற இதயமும் மட்டும் வரும்.

டீச்சர் ஆய்வில் சேர்ந்த அன்றே, அவர் தன் பெரியம்மா என்பதைப் பூனை டாக்டரிடம் சொல்லியிருந்தாள். ஆய்வை நடத்தும் இதய டாக்டர் அவர். ஐம்பது வயது, உரத்த குரல். "படத்துல பேரே இருக்காது. ஒருவேளை யாருன்னு தெரிஞ்சுட்டா, அந்த நிமிஷமே கையைத் தூக்கிடு" என்றவர், பிறகு சிரித்தார். "இதயத்தைப் பார்த்து ஆளைச் சொல்ல நீ என்ன ஜோசியக்காரியா?"

பூனையும் சிரித்து வைத்தாள்.

ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை; ஞாபகமே வரவில்லை. படிக்கும் காலத்தில் ஸ்கேன் எடுத்துப் பழக அவளுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. லீவு நாட்களில் கல்லூரிக்கு வந்து, அந்தக் குளிர்ந்த அறையில் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக் கொடுத்தவர் டீச்சர்தான்.

இன்று மதியம் அவள் திறந்த நாலாவது படத்தில், இதயத்தின் இடது கீழறை விரிந்து நின்ற கணத்தில் படத்தை நிறுத்தினாள். உள்சுவரை ஒட்டி மவுஸால் கோடு வரைந்தாள். அடுத்து, அறை சுருங்கி நிற்கும் கணத்துக்கு நகர்த்தினாள்.

அப்போதுதான் நூலைப் பார்த்தாள்.

அறையின் குறுக்கே ஒரு மெல்லிய நூல். பிறக்கும்போதே சிலருக்கு இருக்கும், தொந்தரவில்லாதது. பலருடைய படத்தில் அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் இந்த நூல் ஒரு முனையில் இரண்டாகக் கிளைத்துச் சுவரைப் பிடித்திருந்தது.

"உள்ள துணி காயப்போடக் கொடி கட்டி வச்சிருக்காங்களா?" அன்றைக்குத் திரையைப் பார்த்து டீச்சர் கேட்டது இது. "நல்லதாப் போச்சு. மழைக்காலத்துக்கு ஆகும்."

இப்போதே கையைத் தூக்கியிருக்க வேண்டும். அவள் தூக்கவில்லை. கை இரண்டாவது கோட்டையும் வரைந்து முடித்தது. கணினி எண்ணைக் காட்டியது.

நிரம்பிய ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். ஐம்பத்தைந்துக்கு மேல் இருந்தால் நிம்மதி. ஐம்பதுக்குக் கீழே போனால், ஊசி போடும் டாக்டருக்கு அன்றைக்கே போன் போகவேண்டும் என்பது ஆய்வின் விதி.

நாற்பத்து நாலு.

பூனை தனக்குள் ஏதாவது நடக்கிறதா என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மேஜைமேல் பேனா திறந்து கிடந்தது. அதை மூடத் தோன்றியது. மூடினாள்.

சுவரின் உள்விளிம்பு ஓரிடத்தில் மங்கலாக இருந்தது. அங்கே கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வரையலாம். தப்பு என்று யாரும் சொல்லமுடியாது. சுருங்கிய அறை இன்னும் சின்னதாகும். எண் ஐம்பதைத் தாண்டிவிடும். இன்றைக்கு ஊசி நடக்கும்.

நாலு வருடம் முன்பு அம்மாவின் இதயத்தையும் இதே மாதிரி ஓர் அறையில் யாரோ ஒருவர் அளந்திருப்பார். அவருக்கும் அது வெறும் எண்தான். கோட்டை வரைந்து முடித்துவிட்டு அவர் டீ குடிக்கப் போயிருப்பார்.

மவுஸிலிருந்து கையை எடுத்தாள். தூக்கினாள்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல, இருட்டில், தலைக்கு மேலே.

பக்கத்துத் திரையில் அளந்துகொண்டிருந்த சீனியர் திரும்பினார். "என்ன, பாத்ரூமா? கேட்டுட்டா போவாங்க?"

"டாக்டரைக் கூப்பிடுங்க" என்றாள் பூனை. "இது எனக்குத் தெரிஞ்ச இதயம்."

*

"நீ அளந்தது செல்லாது. எவ்வளவுன்னு எங்கிட்ட சொல்லாத" என்றார் டாக்டர். நாற்காலியை இழுத்துப் போட்டு அவரே அளந்தார். பூனை சுவரைப் பார்த்து நின்றாள்.

டாக்டர் இரண்டாவது முறையும் அளந்தார். பிறகு போனை எடுத்து ஊசி மாடியைக் கூப்பிட்டார். "இன்னும் ஆரம்பிக்கலையே? நல்லது. மருந்தை நிறுத்தி வைங்க. நான் வர்றேன்."

போனை வைத்தபின் நேற்றைய பரிசோதனைக் குறிப்பைத் திறந்தார்.

"மூச்சு வாங்கல. கால் வீக்கம் இல்ல. போன தடவையும் இல்ல." அவர் திரையையும் குறிப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "சில பேருக்கு அறிகுறியே இருக்காது, சரி. ஆனா இதயத்துக்குள்ள அழுத்தம் நல்லா ஏறியிருக்கு. கால்ல நீர் தேங்கியே இருக்கணும். இந்த இதயத்துக்கு இவ்வளவு சுத்தமான கால் எங்கேர்ந்து வந்துது?"

பூனைக்குப் பச்சைக் கதவு ஞாபகம் வந்தது. அதன் பின்னாலேயே, ஏனென்று புரியாமல், கடைசித் துளைக்குப் போன செருப்பு வார்.

"நீ கீழ வரணும்னு இல்லைம்மா" என்றார் டாக்டர்.

"வர்றேன்."

*

ஊசி மாடியில் நாற்காலிகளை மாற்றியிருந்தார்கள். முன்பு நீலமாக இருந்தன. இப்போது சாம்பல் நிறம். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. ஜன்னல், தொங்கும் பைகள், சத்தம் குறைத்து வைத்த டிவி.

டீச்சர் கையில் குழாய் மாட்டி உட்கார்ந்திருந்தார். உப்புநீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா பிளாஸ்க்கைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். அடுத்த நாற்காலியில் டீச்சர் வயதுடைய ஒரு பெண், முழங்காலிலிருந்து பாதம்வரை பச்சைப் போர்வையை மூடிக்கொண்டிருந்தார். அவருக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

டாக்டருக்குப் பின்னால் வந்த பூனையைப் பார்த்ததும் டீச்சரின் முகம் மாறியது.

"எவ்வளவு?" என்று நேராகக் கேட்டார்.

"நாப்பத்து நாலு" என்றார் டாக்டர்.

"பாஸ் மார்க்?"

"அம்பது."

"ஆறு மார்க்தானே. கிரேஸ் கிடையாதா?"

பெரியப்பா மட்டும் சிரித்தார், பழக்கத்தில். பிறகு நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தார். "டீச்சர், உண்மையைச் சொல்லுங்க. மூச்சு வாங்குதா?"

"இல்ல."

"கால் வீக்கம்?"

டீச்சர் இரண்டு கால்களையும் நீட்டிக் காட்டினார். கணுக்கால் எலும்புகள் எடுப்பாகத் தெரிந்தன. "நீங்களே பாருங்க. உங்க மெஷின்தான் எங்கேயோ தப்பா கூட்டிடுச்சு."

அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் பெரியப்பாவின் கால்கள் இருந்தன. வாருக்கு மேலும் கீழும் சதை பிதுங்கியிருந்தது.

பூனை குனிந்து உட்கார்ந்தாள். பெரியப்பாவின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அவர் காலை இழுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. விரலை எடுத்தபோது குழி அப்படியே நின்றது.

"டாக்டர்," என்றாள், "பெரியம்மாவோட வீக்கம் இங்க இருக்கு."

"அது செருப்பு சுருங்கி…" என்று தொடங்கினார் பெரியப்பா.

"உங்க நீர் மாத்திரை எங்க பெரியப்பா? ஞாயித்துக்கிழமை நான்தானே டப்பாவுல போட்டேன். வாராவாரம் டப்பா காலியாத்தானே இருக்கு."

பெரியப்பா டீச்சரைப் பார்த்தார். உடலில் தேங்கும் நீரை வடிக்க அவருக்குப் பல வருடமாகக் கொடுக்கப்படும் மாத்திரை அது. பார்த்த பார்வையில், கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கமாட்டேன் என்று நிற்கும் பையனின் பிடிவாதம் இருந்தது.

"அவரைக் கேக்காத" என்றார் டீச்சர். "நான்தான் வாங்கிக்கிட்டேன். ஒவ்வொரு பரிசோதனைக்கும் கொஞ்ச நாள் முன்னாடி ஆரம்பிப்பேன். கால் வத்திடும். ராத்திரி படுக்க முடியும். பரீட்சைக்குப் போறவ தயாராகித்தானே போவா?"

"இது பரீட்சை இல்ல பெரியம்மா."

"ஃபெயிலானா நிறுத்துவாங்கன்னா அது பரீட்சைதான்." டீச்சரின் குரல் உயரவில்லை. "உங்கம்மாவுக்கு நிறுத்தினாங்க. இதே ஜன்னல் பக்கத்துலதான். நிறுத்திட்டு, இதயம் தேறிடுச்சுன்னு சந்தோஷமா வந்து சொன்னாங்க. தேறின இதயத்தோடதான் அவ போனா."

பூனைக்கு அந்த ஜன்னல் தெரிந்தது. அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"யாரு சொன்னது டாக்டர்கிட்ட?" என்றார் டீச்சர்.

"படம் எங்கிட்ட வந்துது. கையத் தூக்கினேன்."

"பேரில்லாத படம்னு சொன்னியே. நான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"கொடி" என்றாள் பூனை.

டீச்சர் குழாய் மாட்டாத கையை மெல்லத் தூக்கி நெஞ்சின் இடது பக்கத்தில் வைத்துக்கொண்டார். எதையோ அங்கே வைத்து மறந்துபோனவர் போல.

"கோணல்மாணலாவாவது வரைஞ்சிருக்கலாம் இல்லடி நீ?"

"நினைச்சேன்."

"அப்புறம்?"

"முடியல."

டீச்சர் தலையசைத்தார். அது கோபமா, ஒப்புதலா என்று பூனைக்குத் தெரியவில்லை.

டாக்டரின் உரத்த குரல் இப்போது தணிந்திருந்தது. "டீச்சர், உங்க தங்கைக்கு நடந்ததை நான் மாத்தி எழுத முடியாது. உங்களுக்குச் சில வாரம் ஊசியை நிறுத்துவோம். இதயத்துக்கு மருந்து கொடுப்போம். மறுபடி அளப்போம். தேறினா திரும்ப ஆரம்பிக்கலாமான்னு உங்க புற்றுநோய் டாக்டரோட உட்கார்ந்து பேசுவோம்."

"தேறுமா?"

"பெரும்பாலும் தேறும். உங்க வயசுல எவ்வளவு, எத்தனை நாள்ல, தெரியாது. தெரியாமத்தான் இந்த ஆய்வே நடக்குது."

"நிறுத்தின நேரத்துல அது திரும்பி வந்தா?"

"அதுவும் தெரியாது" என்றார் டாக்டர். "ஆனா ஊசியைத் தொடர்ந்தா இந்த இதயம் என்ன ஆகும்னு ஓரளவு தெரியும். இன்னொண்ணு. அந்த மாத்திரை தண்ணியோட சேர்த்து உடம்பு உப்பையும் இழுத்துட்டுப் போயிடும். யாரும் பார்த்துக்காம, இந்த ஊசியோட அதையும் போட்டா, இதயம் திடீர்னு தாளம் தப்பும். தூக்கத்துலயே."

பெரியப்பா பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். "நான் கொடுத்ததா அப்படிப் பண்ணும்?" என்றார். "நான் அவளுக்கு நல்லதுன்னுதான்…" முடிக்கவில்லை. நர்ஸ் அவரைப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். செருப்பைக் கழற்றியதும் பாதத்தில் வாரின் தடம் ஆழமாகத் தெரிந்தது.

"உங்களுக்கும் இன்னைக்கே ஸ்கேன்" என்றார் டாக்டர். "இவருக்கு நீயே எடும்மா. இவர் ஆய்வுல இல்ல."

"அங்கயும் கொடி இருக்கான்னு பாரு" என்றார் பெரியப்பா. ஜோக் பாதியிலேயே நின்றுபோனது.

டீச்சர் எதையோ கூட்டிப் பார்ப்பவர் போல விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், நான் வீக்கம் இல்ல, மூச்சு வாங்கலன்னு சொன்னதெல்லாம் உங்க கணக்குல சேர்ந்திருக்கும் இல்ல?"

"சேர்ந்திருக்கு."

"அதை வச்சு, இந்த வயசுல இவ்வளவு மருந்து தாங்கும்னு நாளைக்கு வேற யாருக்காவது போடுவீங்க இல்ல?"

டாக்டர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். டீச்சருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நாற்பத்து நாலு என்று கேட்டபோது மாறாத அவர் முகத்தின் நிறம் இப்போது மாறியது. இத்தனை வருடம் வகுப்பில் ஒருத்தியையும் பார்த்து எழுத விட்டதில்லை அவர்.

"பூனை, அந்தப் பையை எடு."

எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் பிளாஸ்க்கின் மூடி, சால்வை, கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து அந்தக் காகிதப் பொட்டலத்தை எடுத்தார். மடியில் வைத்துப் பிரித்தார்.

மிட்டாய் இல்லை. சின்ன வெள்ளை மாத்திரைகள். ஞாயிற்றுக்கிழமை பூனை தன் கையால் எண்ணிப் போட்டவை.

"இது யாருக்கு?" என்றார் டாக்டர்.

டீச்சர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

"டீச்சர், சொல்ல வேண்டாம்" என்றார் பச்சைப் போர்வைப் பெண், கேட்டும் கேட்காததுமாக. "எனக்கு இன்னும் ரெண்டே ஊசிதான் பாக்கி."

பூனை அவருக்கு மேலே தொங்கிய பையைப் பார்த்தாள். பாதி காலியாகியிருந்தது. மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

போர்வைக்கு அடியில் இரண்டு கால்கள் மெல்ல நாற்காலியின் கீழே பின்வாங்கின.